சொல்லேல்லை எண்டு சொல்லாதேங்கோ

மலிவாக எடுத்த பேரழிவுப் படங்களைத் தண்ணீர்தான் முதலில் காட்டிக்கொடுக்கும். நெருப்பைச் சமாளிக்கலாம். பூமி நடுங்குவதற்குக் கமராவை ஆட்டினால் போதும். கட்டடம் விழுவதற்குப் பழைய செய்திப் படத்தில் இரண்டு துண்டு வெட்டி ஒட்டலாம். தண்ணீரில் மட்டும் ஏமாற்ற முடியாது. கொம்பியூட்டரில் செய்த வெள்ளம் எப்போதும் நீலமாக இருக்கும். அதில் மண் இராது, முறிந்த முருங்கைக் கொப்பு இராது, செத்த கோழி இராது. அந்த வெள்ளத்துக்குள்ளிருந்து ஓடி வருகிற கதாநாயகியின் தலைமயிர் காய்ந்திருக்கும். பதினொரு வருடமாகக் கிட்டத்தட்ட ஒவ்வொரு நாளும் இந்தப் படங்களைப் பார்த்தவன் என்பதால் இவ்வளவு உறுதியாகச் சொல்கிறேன்.

விசாரணை அதிகாரி அம்மா, நீங்கள் என்னை எழுதித் தரச் சொன்னது படங்களைப் பற்றி அல்ல என்பது எனக்குத் தெரியும். கார்த்திகைக் கடைசியில் கூழாவடிக்குளம் உடைப்பெடுத்த அன்று இறந்த ஏழு பேரைப் பற்றி. அதற்கு ஏற்கெனவே பதினான்கு வரியில் ஒரு வாக்குமூலம் தந்திருக்கிறேன். அதில் ஒரு வரி பிழை. அதைத் திருத்தத்தான் இந்தக் கடுதாசிகள். படங்களைப் பற்றிச் சொல்லாமல் அந்த வரிக்கு வந்து சேர எனக்கு வழி தெரியவில்லை. பொறுத்து வாசியுங்கள். எழுதுகிற எனக்கும் களைப்பாகத்தான் இருக்கிறது.

என் பெயர் கனகலிங்கம். வயது ஐம்பத்தேழு. எங்கள் குடியேற்றத்தில் ஆறு யூனிற் இருக்கிறது. முதலாம் யூனிற் மேட்டில், பள்ளிக்கூடத்தோடு. ஆறாம் யூனிற் குளக்கட்டுக்குக் கீழே, பள்ளத்தில். யாழ்ப்பாணத்திலிருந்து காணி கிடைத்து வந்த எங்கள் தகப்பன்மாரில் கடைசியாக வந்தவர்களுக்குக் கிடைத்த இடம் அது. நான் நாலாம் யூனிற் சந்தியில் ஒரு அறை வைத்துக்கொண்டு நூற்று நாற்பது வீட்டுக்குக் கேபிள் கொடுத்து வந்தேன். வெளியிலிருந்து வரும் சனல்களோடு என்னுடைய சனல் ஒன்றும் உண்டு. காலையில் பக்திப் பாட்டு, பிறகு மரண அறிவித்தல், பின்னேரம் கலியாண வீடியோ. பகல் இரண்டு மணிக்குப் படம்.

இரண்டு மணிப் படம் என்றால் அழிவுப் படம்தான். புயல், எரிமலை, வெட்டுக்கிளி, விண்கல், அணை உடைவது. எல்லாம் வெளிநாட்டில் ரீவிக்கென்று மூன்று கிழமையில் எடுத்து முடித்தவை. ஆட்கள் நக்கலடிப்பார்கள், நான் அடிக்க மாட்டேன். அவற்றிலும் நல்ல குணங்கள் உண்டு. குசினிக்குப் போய்ச் சோறு வடித்துவிட்டு வந்தாலும் கதை விட்டுப் போகாது. என்ன நடக்கிறது என்பதை யாராவது ஒருவர் வாயால் சொல்லிக்கொண்டே இருப்பார். வெள்ளத்தைக் காட்டக் காசில்லாததால் வெள்ளத்தைப் பார்க்கிற முகங்களைக் காட்டுவார்கள். அதுவும் நல்லதுதான். எங்கள் சனத்துக்கு அழிவு எப்படி இருக்கும் என்று யாரும் படம் பிடித்துக் காட்டத் தேவையில்லை. கடலிலும் கண்டார்கள், தரையிலும் கண்டார்கள். இந்தப் படங்களில் பிணம் வராது. பத்தாயிரம் பேர் செத்ததாக வானொலி சொல்லும், ஆனால் நாம் பழகிய குடும்பத்தில் நாலு பேரும் நாயும் தப்பி வந்து போர்வை போர்த்திக்கொண்டு நிற்பார்கள். அதைப் பார்த்துவிட்டுச் சனம் நிம்மதியாகத் தேத்தண்ணி குடிக்கும்.

ஆனால் தண்ணீரை விடப் பெரிய குறை ஒன்று அந்தப் படங்களில் உண்டு. அதுதான் எச்சரிக்கிறவர். எல்லாப் படத்திலும் அப்படி ஒரு ஆள் இருப்பார். வேலையால் நிறுத்தப்பட்ட எஞ்சினியர், அல்லது மனைவி விட்டுப்போன விஞ்ஞானி. படம் தொடங்கிப் பத்தாவது நிமிடத்தில் ஊர்த் தலைவரிடம் ஓடிப்போய் ஆபத்து வருகிறது என்பார். ஒருவரும் நம்ப மாட்டார்கள். ஏன் நம்பவில்லை என்று படம் சொல்லவே சொல்லாது. நம்பினால் படம் அரை மணித்தியாலத்தில் முடிந்துவிடும், அவ்வளவுதான் காரணம். படித்த, நேராகக் கதைக்கிற ஒரு மனிதனை ஒரு ஊர் முழுக்க ஏன் நம்பாமல் விட வேண்டும்? இது எனக்குப் பெரிய ஓட்டையாகப் பட்டது. அந்த ஓட்டையை நான் அடைத்தேன்.

அப்போது படங்களின் சத்தத்தைக் குறைத்துவிட்டு, மைக்கில் நானே எல்லாருக்கும் எங்கள் ஊர்ப் பேச்சில் குரல் கொடுத்து வந்தேன். முதலில் தமிழ்க் குரல் இல்லாத படத் தட்டுகளுக்காகத் தொடங்கியது. பிறகு தமிழ்க் குரல் உள்ள படத்துக்கும் சனம் என் குரலைத்தான் கேட்டது. எச்சரிக்கிறவருக்கு மட்டும் ஒரு தனிக் குரல் தேவைப்பட்டது. கேட்டவுடன் சிரிப்பு வருகிற குரல். அப்படிப்பட்ட குரலில் எந்த உண்மையைச் சொன்னாலும் ஒருவரும் எழும்ப மாட்டார்கள் என்பது எனக்கு விளங்கியது. படத்தை எடுத்தவர்களுக்கு விளங்காதது அதுதான். அந்தக் குரலுக்கு நான் வெகுதூரம் தேடவில்லை. சிவராசா அண்ணையின் குரலை எடுத்துக்கொண்டேன்.

சிவராசா அண்ணை எங்கள் குளத்தின் துருசுகளை, அதாவது மதகுகளைத் திறந்து பூட்டும் வேலையில் இருபத்தெட்டு வருடம் இருந்து ஓய்வு பெற்றவர். ஓய்வு பெற்றாலும் மழை தொடங்கினால் சைக்கிளில் கட்டைச் சுற்றுவார். முன்பல் ஒன்று இல்லை. அதனால் 'ச' வருகிற இடமெல்லாம் மெல்லிய விசில் அடிக்கும். பேசத் தொடங்கமுன் இரண்டு இருமல், முடிக்கும்போது ஒரே வசனம்: "பிறகு சொல்லேல்லை எண்டு சொல்லாதேங்கோ." அந்த ஒரு வசனத்தில் மட்டும் விசில் இரண்டு முறை வரும். நான் கண்டுபிடித்த குரல்களில் இதைப்போல் வேறொன்று அமையவில்லை.

இரண்டே மாதத்தில் அது ஊர்ப் பேச்சாகிவிட்டது. மழை வரும் என்று யாரும் சொன்னால், மற்றவர் இரண்டு தரம் இருமிவிட்டு அந்த வசனத்தைச் சொல்வார். எதிர்க் கடையில் தேத்தண்ணி போடும் பைறூஸ் அதைச் சொல்லித்தான் மிச்சக் காசு கொடுப்பான். சிவராசா அண்ணையும் ஆரம்பத்தில் சிரித்தார். ஆறேழு வருடம் சிரித்தார் என்றுதான் நினைக்கிறேன்.

போன ஐப்பசியில் விவசாயிகளான கமக்காரரின் அமைப்புக் கூட்டம் நடந்தது. அதிகாரிகளும் வந்திருந்தார்கள். இரண்டாம் துருசடியில் கட்டுக்குள் பொந்து மாதிரி வளை விழுந்திருக்கிறது, பெருமழைக்கு முதல் பார்க்க வேண்டும் என்று சொல்ல அவர் எழும்பினார். இரண்டு தரம் இருமினார். அவர் வாய் திறக்கமுன் பின்வரிசை வாங்கிலிருந்து யாரோ அந்த வசனத்தைச் சொல்லிவிட்டான். மண்டபம் முழுக்கச் சிரித்தது. வந்திருந்த அதிகாரியும் என்னவென்று தெரியாமல் சேர்ந்து சிரித்தார். சிவராசா அண்ணை வளையைப் பற்றிச் சொல்லாமலே திரும்பக் கதிரையில் இருந்துவிட்டார். நான் சிரிக்கவில்லை. உண்மையைச் சொல்வதென்றால், பெருமையாக இருந்தது.

அடுத்த நாள் காலை அறைக்கு வந்தார். கதிரையைக் காட்டினேன், இருக்கவில்லை.

"தம்பி கனகு, எனக்கு இப்ப ஊருக்குள்ள கதைக்க ஏலாமல் கிடக்கு. வாயைத் திறந்தாச் சிரிக்கினம். நீ பகிடிக்குத்தான் செய்தனி, எனக்குக் கோவமில்லை. ஆனா என்ர குரலைத் திருப்பித் தா."

"இண்டையோட விட்டிட்டன் அண்ணை" என்றேன். விட்டும்விட்டேன். ஐந்து கிழமை அந்தக் குரல் போகவில்லை. இதை நீங்கள் யாரிடமும் விசாரித்துப் பார்க்கலாம்.

அந்த ஐந்து கிழமையைப் பற்றி அதிகம் சொல்ல விருப்பமில்லை. எச்சரிக்கிறவருக்கு என் சொந்தக் குரலைக் கொடுத்தேன். சனம் ஒவ்வொன்றாகக் கழன்றது. பைறூஸ் கடையில் சினிமாப் பாட்டுக்கு மாற்றினான். வீடுகளில் எல்லாரும் போனைப் பார்த்தார்கள். முன்பெல்லாம் படம் முடிய ஏழெட்டு அழைப்பு வரும், "அண்ணை, இண்டைக்கு விழுந்து விழுந்து சிரிச்சம்" என்று. ஒன்றும் வரவில்லை. நான் தனி ஆள், வீட்டில் கதைக்க ஒருவரும் இல்லை. யாரும் கேட்காத அறையில் இருந்துகொண்டு எட்டுப் பேரின் குரலில் கதைப்பது ஆளை உருக்குலைக்கிற வேலை. மாலையில் தொண்டை நொந்தது, அதைவிட மனம் நொந்தது. என்னைச் சனம் விரும்பியதாக நினைத்திருந்தேன், அவர்கள் விரும்பியது சிவராசா அண்ணையை.

உடைப்பெடுத்த அன்று மூன்றாவது நாள் மழை. காற்றில்லை, மழை மட்டும். தகரக் கூரையில் விழுகிற சத்தத்தில் கோயில் ஸ்பீக்கரும் பள்ளிவாசல் ஸ்பீக்கரும் ஒரு வீட்டுக்கும் கேட்காது. தெருவில் முழங்கால் தண்ணீர். கிராம அலுவலர் மல்லாவிக்குக் கூட்டத்துக்குப் போய் அந்தப் பக்கம் மாட்டுப்பட்டிருந்தார். கரண்ட் இருந்தது. வயலும் இல்லை, பள்ளிக்கூடமும் இல்லை, எல்லாரும் வீட்டுக்குள். மழை நாளில் மழைப் படம் போட்டால் சனம் பார்க்கும் என்பதால், ஒரு அணை உடைகிற படத்தை எடுத்து வைத்திருந்தேன். காலையிலேயே நாலு பேர் எடுத்து இன்றைக்கு என்ன படம் என்று கேட்டார்கள். ஐந்து கிழமைக்குப் பிறகு ஊர் முழுக்க என் முன்னால் இருந்தது.

இரண்டு மணிக்குக் கால்மணி இருக்க சிவராசா அண்ணை நனைந்தபடி வந்தார். கையில் ஒரு சோடாப் போத்தல். அதில் தண்ணீர். மேசையில் வைத்தார்.

"ரெண்டாம் துருசடிக் கசிவு. நேற்றுத் தெளிஞ்ச தண்ணி தம்பி, பளிங்கு மாதிரி. இப்ப பார்."

பார்த்தேன். பால்தேத்தண்ணியின் நிறம். தெளிந்த தண்ணீர் கசிந்தால் கட்டு வேர்க்கிறது என்பார்கள், பயமில்லை. கலங்கிய தண்ணீர் வந்தால் உள்ளே கட்டு கரைந்து வருகிறது என்று பொருள். குளத்தடியில் வளர்ந்தவனுக்கு இதை யாரும் விளக்கத் தேவையில்லை. அதைவிட, பதினொரு வருடமாகத் தண்ணீரின் நிறத்தைப் பற்றி யோசித்தவன் நான். விளங்கவில்லை என்று நான் சொல்ல முடியாது. அவர் சொல்லி முடிக்கமுன்பே எனக்கு விளங்கிவிட்டது.

"ஒரு மணித்தியாலம் தாங்கினாப் பெரிய காரியம். நான் போய் மண் மூட்டை அடுக்கிறன், தண்ணி வழிஞ்சு போக வான் பலகையையும் கழட்டிப் பாக்கிறன். நீ இப்பவே சொல்லு. ஆறாம் யூனிற் முழுக்கப் பள்ளிக்கூடத்துக்கு ஏறட்டும். படத்தைப் போடாதை. கமராவுக்கு முன்னால நிண்டு உன்ர முகத்தைக் காட்டி, உன்ர குரலில சொல்லு. நான் சொன்னாச் சிரிப்பினம்."

"ஓம் அண்ணை, நீங்கள் போங்கோ" என்றேன்.

சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்விட்டார். இதுதான் அந்தப் பிழையான வரி. அவர் என் அறையில் இருந்து மைக்கில் தானே அறிவித்தார் என்று முதல் வாக்குமூலத்தில் எழுதினேன். அவர் மைக்கைத் தொடவில்லை. அவர் குரல் அன்று என் அறையை விட்டு வெளியே போகவில்லை. அறிவித்தது நான்.

எழுதித் தந்த மற்றதெல்லாம் உண்மை. அறிவித்தல் போனது. ஒரு தரம் அல்ல, மூன்று தரம். சொல் ஒன்றும் குறையவில்லை, சனலில் போவதெல்லாம் பதிவாகும், அதன் பிரதி உங்களிடம் இருக்கிறது: "ரெண்டாம் துருசடியில கட்டு மண்ணோட கசியுது. ஆறாம் யூனிற் ஆக்கள் ஒண்டையும் எடுக்காமல் இப்பவே பள்ளிக்கூடத்துக்குப் போங்கோ." அதில் நீங்கள் பொய் கண்டுபிடிக்க முடியாது.

இரண்டு மணிக்குப் படத்தைப் போட்டேன். மைக்கைத் திறந்து வைத்துக்கொண்டு காத்திருந்தேன். ஏன் காத்திருந்தாய் என்று கேட்பீர்கள். எச்சரிக்கிறவர் பத்தாவது நிமிடத்தில்தான் வருவார். அவர் வந்தார், தொப்பி நனைந்தபடி ஊர்த் தலைவரின் கந்தோருக்குள் ஓடினார், வாயைத் திறந்தார். நான் இரண்டு தரம் இருமினேன். அறிவித்தலை முழுதாகச் சொன்னேன், சிவராசா அண்ணையின் குரலில். கடைசியில் அந்த வசனத்தையும் சேர்த்தேன். வாயசைவு நன்றாகப் பொருந்தியது.

அவ்வளவு மழைச் சத்தத்திலும் எதிர்க் கடையில் எழுந்த சிரிப்பு எனக்குக் கேட்டது. பைறூஸ் கடை வாசலில் வந்து நின்று இரண்டு கையையும் தூக்கிக் காட்டினான். போன் அடித்தது. "அண்ணை, திரும்பத் தொடங்கிட்டியள், நல்லகாலம்!" என்று ஒருவர். அதை வைக்க இன்னொருவர். என் நெஞ்சில் ஐந்து கிழமையாக இருந்த பாரம் இறங்கியது. இதை மறைக்கப் போவதில்லை.

முதலாவது தரம் வாய் தவறி வந்தது என்று வைத்துக்கொள்ளலாம். நானே பல நாள் அப்படி வைத்துக்கொண்டேன். இரண்டாவது தரம் இரண்டு மணி பத்தொன்பதுக்கு. அப்போது குரலை மாற்றிச் சொல்லியிருக்கலாம். நடுவில் மாற்றினால் அதுவும் ஒரு புதுப் பகிடி என்று நினைப்பார்கள் என்று யோசித்ததாக ஒரு காரணம் வைத்திருக்கிறேன். அந்தக் காரணம் எனக்கு அடுத்த நாள்தான் வந்தது. அன்று நான் யோசித்தது, முதல் தரம் விசில் ஒரு இடத்தில்தான் விழுந்தது, மற்ற இடம் தவறிவிட்டது என்பதை.

இரண்டாவதுக்குப் பிறகு ஆறாம் யூனிற்றிலிருந்து நாகேஸ்வரி எடுத்தார். ஐந்தாவது வளவு, கணவன் விஜிதரன், மாமியார், மூன்று பேர் உள்ள வீடு.

"அண்ணை, இஞ்ச இவர் வயிறு நோகச் சிரிக்கிறார். எனக்கு ஒரு மாதிரிக் கிடக்கு. இது படமோ, உண்மையோ?"

அந்தப் பிள்ளை ஒருவர்தான் கேட்டார். நூற்று நாற்பது வீட்டில் ஒருவர். நான் அவருக்கும் பொய் சொல்லவில்லை.

"உண்மைதான் பிள்ளை, உண்மைதான். பிறகு சொல்லேல்லை எண்டு சொல்லாதேங்கோ" என்றேன். குரல் அதே குரல். போனில் அது இன்னும் நன்றாக வரும்.

நாகேஸ்வரி சிரித்துவிட்டார். "போங்கோ அண்ணை, பயப்படுத்திப் போட்டியள்" என்று வைத்துவிட்டார். அவர் வீட்டிலிருந்து பள்ளிக்கூட மேட்டுக்கு நடந்தால் எட்டு நிமிடம், தண்ணீருக்குள் என்றால் பன்னிரண்டு. அப்போது இரண்டு மணி இருபத்திரண்டு.

மூன்றாவது தரம் இரண்டு மணி இருபத்தேழுக்கு. அதில் இரண்டு விசிலும் சரியாக விழுந்தது. இரண்டு நாற்பதுக்குக் கரண்ட் போனது. பிறகு ஒரு சத்தம் வந்தது. எந்தப் படத்திலும் அந்தச் சத்தத்தை நான் கேட்டதில்லை. தண்ணீர் நீலமாக இல்லை. மாடும் வேலிக்கம்பியும் நெல்மூட்டையும் அதில் வந்தன. நாகேஸ்வரி வீட்டில் மூன்று பேர், பக்கத்து இரண்டு வளவில் மூன்று பேர், கட்டில் நின்ற சிவராசா அண்ணை. மற்றவர்கள் கூரையிலும் புளியமரத்திலும் ஏறித் தப்பினார்கள்.

அடுத்த நாள் பள்ளிக்கூட மண்டபத்தில் பைறூஸ்தான் கேட்டான், அறிவித்தது யார் என்று. பகல் என் வாசலில் அந்தச் சைக்கிள் நின்றதை அவன் கண்டிருந்தான். "சிவராசா அண்ணைதான், வந்திருந்து சொன்னவர்" என்றேன். "மனுசன் உயிர் போகக் கத்தியிருக்கு, நான் கையைத் தூக்கிச் சிரிச்சனான்" என்று அழுதான். ஊரே அழுதது. சிரித்த ஒவ்வொருவரும் தன்னால்தான் என்று நினைத்தார். என்னை ஒருவரும் சந்தேகிக்கவில்லை. நான் என் குரலில் சொன்னது எதையும் இந்த ஊர் நம்பாமல் விட்டதில்லை.

மழையெல்லாம் விட்ட பிறகு சிவராசா அண்ணையின் மகள் சிவதர்சினி வவுனியாவிலிருந்து வந்தாள். சின்னனிலிருந்து என்னை மாமா என்று கூப்பிடுகிற பிள்ளை. முப்பத்தோராம் நாள் கிரியையான அந்தியேட்டிக்கு நாலு நாள் இருந்தது.

"மாமா, அப்பா கடைசியாக் கதைச்சது உங்களிட்டப் பதிவில இருக்காம். எனக்கு ஒருக்காப் போட்டுக் காட்டுவீங்களோ?"

போட்டேன். மூன்று தரத்தையும் கேட்டாள். இரண்டாவது தரத்திலேயே அழத் தொடங்கிவிட்டாள். "அந்த இருமல் மாமா. அப்பிடியே அப்பா" என்றாள். போனில் ஏற்றிக் கேட்டாள், ஏற்றிக் கொடுத்தேன். அந்தியேட்டியன்று சாப்பாட்டுக்கு முதல் அதைப் போட்டாள். ஊர் தலையைக் குனிந்துகொண்டு கேட்டது. ஒருவரும் சிரிக்கவில்லை. அந்தக் குரலுக்குச் சிரிக்காத ஒரு கூட்டத்தை நான் அன்றைக்குத்தான் கண்டேன். என்னால் அங்கே இருக்க முடியவில்லை, எழும்பி வந்துவிட்டேன்.

அதன் பிறகு நித்திரை சரியில்லை. அவர் கொண்டுவந்த போத்தல் இன்னும் என் மேசையில் இருக்கிறது. மண்ணெல்லாம் அடியில் படிந்து, மேலே தண்ணீர் நன்றாகத் தெளிந்துவிட்டது. இந்தக் கடுதாசிகளோடு அதையும் அனுப்புகிறேன்.

நான் செய்ததை ஒரு வரியில் எழுதச் சொன்னால் எழுதுகிறேன். குளம் உடையப் போகிறது என்று தெரிந்துகொண்டு, ஒருவரும் நம்பாத குரலைத் தெரிந்தெடுத்து, அதில் சொன்னேன். இதற்கு என்ன தண்டனையோ தாருங்கள், மறுப்பில்லை. சிவதர்சினியிடமும் நீங்கள்தான் சொல்ல வேண்டியிருக்கும்.

ஒன்றை மட்டும் கேட்டுக்கொள்கிறேன். அறிக்கையில், நான் அவரைக் கேலியாக நடித்துக் காட்டியதாக எழுதிவிடாதீர்கள் அம்மா. கேலி என்றால் எங்காவது ஒரு பிழை இருக்கும். பெற்ற மகளே பிழை பிடிக்கவில்லை.